சன்னத்தின் பருமன்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மொன்றியலின் கோட் டெ நேஜிலும் பார்க் எக்ஸ்ரென்சனிலும் இரவுக்கடைகளில் நின்ற எங்கள் ஆட்களிடையே ஒரு பேச்சு அடிக்கடி எழும். எங்காவது ஒரு டெப்பனருக்குள் கத்தியோடு ஒருவன் புகுந்தான் என்ற செய்தி வந்த கிழமைகளில் அது இன்னும் சூடாக நடக்கும். ஒரு றிவோல்வர் இருந்தால் என்ன? இருப்பதென்றால் எது? “பெரிசு வேணும் அண்ணை, ஒண்டோடை ஆள் விழவேணும்” என்பது ஒரு கட்சி. “பெரிசெண்டால் உன்ரை கைதான் முதல் உளுக்கும். சின்னனா ஒண்டை எடுத்துக் குறிபார்த்துச் சுடு” என்பது மற்றக் கட்சி. பேசியவர்களில் பெரும்பாலானோர் றிவோல்வரைக் கையால் தொட்டவர்களல்லர். ஊரில் பன்றிக்குக் காவல் இருந்த ஓரிருவர் மட்டும், பன்னிரண்டு போர் துவக்கு உதைத்துத் தோள் கண்டிப்போன கதையைச் சான்றாக வைப்பார்கள். கனடாவிலோ 1934 முதல் ஒவ்வொரு கைத்துவக்கும் பதியப்பட வேண்டும். கல்லாப்பெட்டிக்குக் கீழே வைப்பதற்கென்று யாருக்கும் இலேசில் அனுமதி கிடைப்பதில்லை. ஆகவே பேச்சு தேநீரோடு முடிந்துவிடும்.

ஆனால் அந்தக் கேள்விக்கு நூற்றைம்பது ஆண்டு வயது. எங்கள் சமையலறை மேசைகளில் கேட்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பே அதைப் பேரரசுகள் கேட்டன. மாடுகளையும் பிணங்களையும் வைத்துச் சோதனைகூடச் செய்து பார்த்தன. சன்னத்தின் பருமனும் சுடுபவன் மணிக்கட்டின் பலமும் சம்பந்தப்பட்ட கணக்கு என்றே துவக்கு நூல்கள் இதை எழுதுகின்றன. எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. துவக்கின் முன்னால் யார் நிற்பான் என்று நினைத்தார்களோ, அந்த நினைப்புத்தான் பெரும்பாலும் பருமனைத் தீர்மானித்திருக்கிறது.

முதலில் உதை என்பதைச் சொல்லிவிடுவோம். சன்னம் முன்னே போகும் அளவுக்குத் துவக்கு பின்னே வருகிறது. சன்னத்தின் எடையையும் வேகத்தையும் பெருக்கி வருவதைத் துவக்கின் எடையால் வகுத்தால், துவக்கு கையை எந்த வேகத்தில் இடிக்கும் என்பது கிடைத்துவிடும். (வெடிமருந்தின் வாயுவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு; அதை இங்கே விடுவோம்.) பாரமான துவக்கு குறைவாகத் துள்ளும், ஆனால் நாள் முழுக்க இடுப்பில் தொங்கும். இலேசான துவக்கைச் சுமப்பது சுகம், சுடுவது துன்பம். இதற்குமேல் இதில் பெரிய பௌதிகம் எதுவுமில்லை. மீதி எல்லாம் வரலாறுதான்.

கனடாவிலேயே தொடங்கலாம். 1873இல் உருவாக்கப்பட்ட வடமேற்குக் குதிரைப் பொலிஸ்படை, 1874இல் மேற்கு நோக்கி நடந்தபோது அவர்களுக்குத் தரப்பட்டது அடம்ஸ் என்ற பிரித்தானிய றிவோல்வர். அதன் குழல் விட்டம் .450, அதாவது ஓர் அங்குலத்தில் பாதிக்குச் சற்றே குறைவு. 1880களில் அதைவிடப் பெரிய .476 என்பீல்ட் வந்தது. 1885இல் சஸ்காச்சுவானில் மெத்தி மக்களின் எழுச்சியை அடக்க வந்த படையில் இந்தப் பொலிஸாரும் இருந்தனர். அந்த எழுச்சியின் தலைவர் லூயி றியெல் இளமையில் படித்தது மொன்றியலில், சுல்பிசியன் குருமாரின் கல்லூரியில். அதே ஆண்டு நவம்பர் 16இல் அவரை ரெஜைனாவில் தூக்கிலிட்டார்கள். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் படைக்குக் கோல்ற் கம்பெனியின் ‘நியூ சேர்விஸ்’ வந்து சேர்ந்தது, முதலில்.455, பிறகு .45. ஒரு கிலோவுக்கு மேற்பட்ட இரும்பு. குதிரையும் சிவப்புச் சட்டையுமாக அஞ்சலட்டைகளில் நாம் பார்க்கும் பொலிஸ்காரன் அரை நூற்றாண்டுக்கு இடுப்பில் சுமந்தது இதைத்தான். 1954இல்தான் ஸ்மித் அன்ட் வெஸ்ஸனின் .38 ஸ்பெஷலுக்கு இறங்கினார்கள்.

ஏன் முதலில் இவ்வளவு பெரிது? இந்த இடத்தில் எங்கள் பக்கத்து உலகத்துக்கு வரவேண்டியிருக்கிறது.

1890களில் பிரித்தானிய இராணுவத்திடம் புதிய சிறு விட்டத் துவக்குகள் வந்தன. சன்னம் மெல்லியது, வேகமானது, உலோக உறை போட்டது. இந்தியாவின் வடமேற்கு எல்லையில் பட்டாண்களோடு சண்டைபிடித்த அதிகாரிகள் ஒரு முறைப்பாடு எழுதினார்கள்: சன்னம் ஆளைத் துளைத்துக்கொண்டு போய்விடுகிறது, ஆள் நிற்காமல் ஓடி வருகிறான். கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதச்சாலையில் கப்டன் பேர்ட்டி-கிளே என்பவர் உறையின் நுனியைத் திறந்துவிட்டு, உடலில் பட்டதும் விரிந்து சிதையும் சன்னத்தைச் செய்தார். அந்த ஊரின் பெயரே அதற்கு நிலைத்தது. றிவோல்வருக்கும் இதே யோசனை போனது. 1887இல் இராணுவம் ஏற்றுக்கொண்ட வெப்லி .455க்கு, 1898இல் கிண்ணம்போல் நுனி குழிந்த சன்னம் ஒன்று வந்தது. ‘மான்ஸ்ரொப்பர்’, மனிதனை நிறுத்துவது, என்று அதற்குச் செல்லப்பெயர்.

1899இல் ஹேக் மாநாட்டில் இது விவாதத்துக்கு வந்தது. விரியும் சன்னங்களைத் தடைசெய்யவேண்டும் என்று பல நாடுகள் கேட்டபோது, பிரித்தானியப் பிரதிநிதி சேர் ஜோன் ஆர்டா எழுந்து ஒரு விளக்கம் சொன்னார். நாகரிகமடைந்த நாட்டுப் போர்வீரன் சன்னம் பட்டதும் தான் காயப்பட்டதை உணர்ந்து பின்னே போய்விடுவான். காட்டுமிராண்டி அப்படியல்ல, இரண்டு மூன்று பட்டாலும் ஓடிவந்துகொண்டே இருப்பான் என்பதே அதன் சாரம். மாநாடு அவர் சொன்னதை ஏற்கவில்லை. தடைப் பிரகடனம் நிறைவேறியது. ஆனால் பிரகடனத்தின் வாசகத்தைப் பாருங்கள். ஒப்புக்கொண்ட நாடுகள் தங்களுக்குள் போர் செய்யும்போதே அது அவர்களைக் கட்டுப்படுத்தும். பட்டாணோ சூலுவோ அதில் கையெழுத்திட அழைக்கப்பட்டிருக்கவில்லை. பிரித்தானியாகூட அதில் சேர்ந்தது 1907இல்தான்.

இதே காலத்தில் அமெரிக்கர் பிலிப்பைன்ஸில் இருந்தார்கள். தெற்குத் தீவுகளின் மோரோ முஸ்லிம்களோடு நடந்த சண்டைகளில் அவர்களுடைய .38 லோங் கோல்ற் றிவோல்வர் போதாது என்று அதே முறைப்பாடு எழுந்தது. களஞ்சியத்தில் கிடந்த பழைய.45களைத் தூசு தட்டி அனுப்பினார்கள். 1904இல் தொம்சன் என்ற படை அதிகாரியும் லாகார்ட் என்ற படை வைத்தியரும் சிக்காகோ இறைச்சிக் கொட்டகைகளில் உயிருள்ள மாடுகளைச் சுட்டுப் பார்த்தார்கள். மனிதப் பிணங்களைத் தொங்கவிட்டுச் சுட்டு, அவை எவ்வளவு ஆடுகின்றன என்றும் பார்த்தார்கள். முடிவு: .45க்குக் குறைந்த எதுவும் உதவாது. சோதனையின் முறையைப் பிற்காலத்தில் பலர் குறை கூறியிருக்கிறார்கள். மாடு எத்தனை வெடிக்கு விழுகிறது என்று எண்ணி மனிதனுக்கு விதி எழுதுவதை வேறெப்படிச் சொல்வது? ஆனால் 1911இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட .45 பிஸ்டல் இந்தத் தீர்மானத்தின் பிள்ளைதான்.

ஆக, பெரிய சன்னம் என்பது ஒரு குறிப்பிட்ட எதிரியை மனதில் வைத்துப் பிறந்தது. வலியை உணராதவன், பயப்படாதவன், எங்கள் நிறத்துக்காரன். சுடுபவனின் மணிக்கட்டு அப்போது யாருடைய கவலையும் அல்ல.

அதே 1911இன் ஜூன் 17இல் மணியாச்சிச் சந்தியில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது ஒரு பிறவுணிங் பிஸ்டலால். தமிழில் எழுதியவர்கள் ‘ரிவால்வர்’ என்றும் ‘கைத்துப்பாக்கி’ என்றும் மாற்றி மாற்றி எழுதியிருந்தாலும், அது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட, சட்டைப்பையில் அடங்கும் சிறு இயந்திரம். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியனை அனுமதிப்பத்திரத்துக்குக் காத்திருக்க வைத்துவிட்டு வெள்ளையனுக்கு விலக்களித்திருந்தது. அந்த நிலையில் எதைத் தெரிந்தெடுப்பது என்ற கேள்விக்கே இடமில்லை. எது கடல்கடந்து வந்து சேர்கிறதோ அதுதான்.

மணிக்கட்டின் முறை முதலாம் உலகப்போரில் வந்தது. 1915இல் வெளியான வெப்லி ஆறாம் மார்க் 1.1 கிலோ எடை. சன்னம் ஏறக்குறைய 17 கிராம். பதுங்குகுழியில் அது நம்பகமான ஆயுதம் என்றே பெயரெடுத்தது. ஆனால் எழுதுவினைஞர்களும் ஆசிரியர்களும் சில கிழமைப் பயிற்சியோடு அதிகாரிகளாகிப் போர்முனைக்குப் போன காலம் அது. துள்ளும் துவக்கைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பவன் கூரையைச் சுடுவான். போர் முடிந்ததும் பிரித்தானிய இராணுவம் எதிர்த்திசையில் யோசித்தது: குறைந்த பயிற்சியில் யாரும் சுடக்கூடிய, ஆனால் ‘நிறுத்தும்’ சக்தி குறையாத சன்னம். விடையாக வந்தது .38 விட்டத்தில் 200 கிரெயின், அதாவது 13 கிராம் எடையுள்ள மெதுவான ஈயச் சன்னம். அதற்கான என்பீல்ட் இரண்டாம் இலக்க றிவோல்வர் 1930களின் தொடக்கத்தில் சேவைக்கு வந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சன்னத்தின் எடை காற்பங்கு குறைந்தது. ஆனால் துவக்கின் எடையையும் 1.1 கிலோவிலிருந்து முக்கால் கிலோ அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். அது காற்பங்குக்கும் அதிகம். வேகமோ இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்று. மேலே சொன்ன வகுத்தலைச் செய்து பாருங்கள்: உதையின் மொத்தம் குறைந்தது உண்மைதான், ஆனால் துவக்கு பின்னே எறியப்படும் வேகம் ஏறக்குறைய பழையதே. மணிக்கட்டுக்காகத் தொடங்கிய வேலையில் இலாபத்தின் பெரும்பங்கை இடுப்பு எடுத்துக்கொண்டது என்றே நாம் நினைக்கிறோம். இராணுவங்களில் இது புதிதல்ல. துவக்கை ஒருவன் ஆயிரம் மணித்தியாலம் சுமக்கிறான். சுடுவது ஒரு நிமிடம், அதுவும் பலருக்கு வாய்ப்பதில்லை.

அந்த ஈயச் சன்னத்துக்கு நேர்ந்த கதியும் சொல்லத்தக்கது. அடுத்த போர் ஐரோப்பாவில் ஜேர்மனியோடு என்பது தெளிவாகத் தொடங்கியபோது, உறையில்லாத மென்மையான ஈயம் ஹேக் பிரகடனத்தை மீறுவதாகச் சொல்லப்படலாம் என்ற அச்சம் வந்தது. உலோக உறையிட்ட 178 கிரெயின் சன்னமாக அதை மாற்றினார்கள். எல்லைப்புறத்தில் வேண்டியிருந்த ‘நிறுத்தும் சக்தி’, எதிரே நிற்பவன் கையெழுத்திட்ட நாட்டுக்காரன் என்றதும் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்றாயிற்று.

1938இல் இன்னொரு மாற்றம். றிவோல்வரின் பின்னால் உள்ள சுத்தியலைப் பெருவிரலால் பின்னிழுத்து வைத்துக்கொண்டால், பிறகு விசையை மெல்லத் தொட்டாலே வெடிக்கும். இழுத்து வைக்காமல் விசையை மட்டும் இழுத்தால், சுத்தியலைத் தூக்கும் வேலையையும் அந்த ஒரு விரலே செய்யவேண்டும். நீளமான, கனமான இழுப்பு. டாங்கிக்குள் ஏறி இறங்குபவர்களுக்குச் சுத்தியலின் கொம்பு இடறுகிறது என்று கொம்பையே வெட்டிவிட்டார்கள். அதன்பின் கனமான இழுப்பு மட்டுமே மிஞ்சியது. குறி தவறுகிறது என்று படையினர் அதைத் திட்டியிருக்கிறார்கள். கையாளும் சுகம் என்பது உதையில் மட்டுமல்ல, விசையிலும் இருக்கிறது என்பதை இந்த இடத்தில் குறித்துக்கொள்வோம். பின்னால் மொன்றியலில் இது தேவைப்படும்.

பேரரசு கலைந்தபோது இந்த வெப்லிகளும் என்பீல்டுகளும் எங்கள் நாடுகளின் பொலிஸ் நிலையங்களிலும் பணக்காரர் அலுமாரிகளிலும் தங்கிவிட்டன. இலங்கையர் எவருக்கும் 1959 செப்டெம்பர் 25 மறக்காது. கொழும்பு ரொஸ்மீட் பிளேஸ் வீட்டு விறாந்தையில், தன்னை வணங்கக் குனிந்த பிரதமர் பண்டாரநாயக்காவைத் தல்துவே சோமராம தேரர் றிவோல்வரால் சுட்டார். பிரதமர் மறுநாள் இறந்தார். சோமராம ஆயுர்வேதக் கண் வைத்தியர். 1962 ஜூலையில் தூக்கிலிடப்பட்டார். படையாளல்லாத ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்று சுட்ட அந்த இடத்தில், பருமனும் உதையும் பற்றிய இராணுவத்தின் ஐம்பது ஆண்டு ஆராய்ச்சியெல்லாம் ஒன்றுமில்லாமல் போகிறது. அந்தத் தூரத்தில் எல்லாத் துவக்கும் ஒன்றே என்று சொல்லத் தோன்றும். அதுவும் சரியல்ல. 1967 ஜனவரி 12இல் சென்னை இராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டதும் ஒரே அறைக்குள், மிக அருகில். எம்.ஜி.ஆரின் கழுத்தில் சன்னம் பாய்ந்தது, குரல் கெட்டது. ராதாவும் தன்னைச் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள். ஒருவர் முதலமைச்சராகவும் ஆனார். சிக்காகோ மாடுகளை வைத்து இதற்கு யார் விதி எழுதுவது?

எங்கள் இயக்கக் காலத்திலும் ஆரம்பத்தில் றிவோல்வர் ஒரு மந்திரச்சொல்லாக இருந்தது. எண்பதுகளின் நடுவில் ஏகே வந்தபின் அது பழம்பொருளாகிவிட்டது. நாங்கள் அந்தக் கணக்கோடுதான் கனடாவில் வந்து இறங்கினோம். இங்கே பொலிஸ்காரன் இடுப்பில் றிவோல்வர் தொங்குவதைக் கண்டு, இவ்வளவுதானா என்று சிரித்தவர்களும் உண்டு.

அந்தச் சிரிப்பு நிற்க ஒரு சம்பவம் போதும். 1987 நவம்பர் 11இல் மொன்றியல் நோத்ர்-டாம்-டெ-கிறாஸ் பொலிஸ் நிலையத்தின் வாகனத் தரிப்பிடத்தில், அன்ரனி கிறிபின் என்ற 19 வயதுக் கறுப்பின இளைஞர் தப்பி ஓட முயன்றார். நில் என்றதும் நின்று திரும்பினார். கையில் எதுவுமில்லை. தலையில் சூடு. சுட நினைக்கவில்லை, துவக்கு தற்செயலாக வெடித்தது என்பது கொன்ஸ்டபிளின் தரப்பு. 1988இல் யூரிகள் அவரை விடுதலை செய்தனர். 1993இல் உச்ச நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. 1994இல் மறுபடியும் விடுதலை. சன்னத்தின் பருமனை யாரும் பேச வேண்டியிருக்கவில்லை. எல்லாம் ஒரு விரலிலும், அந்த விரலுக்குரியவரின் மனதிலும் வந்து நின்றன. ஆர்டா பேசிய ஓடிவரும் மனிதன் இங்கே ஓடுவதை நிறுத்தியே விட்டிருந்தார் என்பதை மட்டும் நாம் சேர்த்துக்கொள்வோம்.

பொலிஸார் பருமன் பற்றிப் பேசியது வேறிடத்தில். 1986 ஏப்ரல் 11இல் மயாமியில் நடந்த சண்டையில் அமெரிக்க எப்.பி.ஐ.யின் இரண்டு பேர் இறந்தார்கள். கொள்ளையனின் உடலில் பாய்ந்த 9 மி.மீ. சன்னம் இதயத்துக்குச் சற்று முன்பே நின்றுவிட்டது என்று கண்டு, பெரிய 10 மி.மீ. பிஸ்டலுக்குத் தாவினார்கள். அது பலரின் கைக்கு அடங்கவில்லை. மருந்தைக் குறைத்தார்கள், குறைத்த மருந்துக்கு அவ்வளவு நீளத் தோட்டா எதற்கு என்று 1990இல்.40 பிறந்தது. கால்நூற்றாண்டு கழித்து, சுடுவதற்கு எளிது என்று சொல்லி மீண்டும் 9 மி.மீ.க்கே வந்து சேர்ந்தார்கள். பெரிதில் தொடங்கிச் சிறிதில் முடிவது இந்தத் துறையின் வழமைபோலும். கனடிய றோயல் மவுண்டட் பொலிஸாரும் தொண்ணூறுகளில் றிவோல்வரை விட்டு 9 மி.மீ. பிஸ்டலுக்கு மாறினார்கள்.

சாதாரண மனிதனுக்கான தெரிவைச் சட்டங்கள் செய்தன. மொன்றியலுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. 1989 டிசெம்பர் 6இல் எக்கோல் பொலிரெக்னிக்கில் 14 பெண்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். எங்கள் குடியிருப்புகளிலிருந்து நடந்து போகும் தூரம் அது. அந்தத் துவக்கு றைபிள். 1992 ஓகஸ்ட் 24இல் கொங்கோர்டியா பல்கலைக்கழகத்தின் ஹோல் கட்டடத்தில் பொறியியல் துறை ஆசிரியர் ஒருவர் நான்கு சகாக்களைக் கொன்றது கைத்துவக்குகளால். எங்கள் பிள்ளைகள் பலர் பின்னாளில் ஏறி இறங்கிய அதே படிகள். அதன்பின் கொங்கோர்டியா கைத்துவக்குத் தடை கேட்டு நாடெங்கும் கையெழுத்து வாங்கியது. 1995இல் வந்த சட்டம் முழுத்தடை விதிக்கவில்லை. ஆனால் குழல் 105 மி.மீ.க்கு மிஞ்சாத கைத்துவக்குகளையும், .25, .32 தோட்டாவுக்கான எல்லாக் கைத்துவக்குகளையும் தடைப்பட்டியலில் போட்டது. காரணம் எளிது. உதை குறைந்தது, மலிவானது, பைக்குள் மறைவது. எங்கள் இரவுக்கடைகளில் ‘சின்னனா ஒண்டு’ என்று பேசப்பட்டது எதுவோ, அதுதான் பெரியதைவிட ஆபத்தானது என்று கனடா முடிவு செய்தது. 2022 ஒக்டோபர் 21 முதல் கைத்துவக்கு விற்பதும் வாங்குவதும் கைமாற்றுவதும் நிறுத்தப்பட்டன. 2023 டிசெம்பரில் அது சட்டமாயிற்று.

இந்தியாவில் இதே கணக்கு தலைகீழாக வந்தது. இராணுவமும் பொலிஸும் பாவிக்கும் தோட்டாக்களுக்கான கைத்துவக்குகள் அங்கே பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டவை. பிரித்தானியர் விட்டுப்போன எண்ணம், அரச களஞ்சியத்திலிருந்து கசியும் தோட்டா வெளியே எந்தத் துவக்கிலும் பொருந்தக்கூடாது என்பது. அதனால் அனுமதிப்பத்திரம் உள்ள இந்தியனுக்குப் பெரும்பாலும் மிஞ்சியது கான்பூரில் அரச தொழிற்சாலை செய்யும் .32 றிவோல்வர். அது போதுமா போதாதா என்பதை மணிக்கட்டும் கேட்கவில்லை, மாடும் சொல்லவில்லை. அரசு தன்னிடம் வைத்துக்கொண்டதுபோக எஞ்சியதே குடிமகனின் பருமன்.

2014 ஜனவரியில் அதே கான்பூரிலிருந்து ‘நிர்பீக்’ வந்தது. 2012 டிசெம்பரில் டெல்லி பஸ்ஸில் சிதைக்கப்பட்ட பெண்ணுக்குப் பத்திரிகைகள் இட்ட பெயரை நினைவூட்டும் பெயர். பெண்களின் கைப்பைக்கென்றே செய்ததாக அறிவித்தார்கள். தைற்றானியக் கலவை, ஏறக்குறைய அரைக் கிலோ, நகைப்பெட்டி போன்ற ஒரு பெட்டிக்குள். விலை 1,22,360 ரூபாய். சிறிய தோட்டாவால் குறைந்த உதையில் ஒரு பங்கை எடை குறைந்த துவக்கு திருப்பிக் கொடுத்துவிடும் என்பதை என்பீல்டிலேயே பார்த்தோம். அந்தப் பஸ்ஸில் போன மாணவிக்கு அந்த விலையும், பொலிஸ் நிலையத்தில் அனுமதிப்பத்திரத்துக்கு நிற்கும் வரிசையும் எட்டியிருக்குமா என்று அப்போதே பெண்கள் அமைப்புகள் கேட்டன. மொன்றியலில் அதை வாங்கவே முடியாது: .32 என்பதால் ஒருமுறை, குழல் 105 மி.மீ.க்குக் குறைந்தது என்பதால் இன்னொருமுறை, 1995இன் சட்டத்தில் அது இரண்டுதரம் தடைசெய்யப்பட்டிருக்கிறது.